திரைப்படமும் பத்திரிகைப் போட்டியும்: குறுக்கெழுத்திலிருந்து சந்திரலேகா வரை

பத்திரிகைப் போட்டி என்பது வாசகருக்கு ஒரு புதிரையோ கேள்வியையோ கொடுத்து, விடையை இதழில் உள்ள கூப்பனில் எழுதி அனுப்பச் செய்து, வென்றவர்களுக்குப் பரிசு வழங்கும் முறை ஆகும். இதழின் விற்பனையைப் பெருக்கத் தோன்றிய இம்முறை, பேசும்படக் காலத்தில் பாடல்கள் நிறைந்த திரைப்படங்களை மக்களிடம் கொண்டுசெல்லவும் பயன்பட்டது. தமிழ்நாட்டில் இதழ், போட்டி, திரைப்படம் ஆகிய மூன்றும் ஒரே மனிதரின் வாழ்க்கையில் சந்தித்தன. அவர் ஆனந்த விகடன் இதழின் உரிமையாளரும் ஜெமினி ஸ்டூடியோவின் நிறுவனருமான எஸ். எஸ். வாசன்.

போட்டியின் தோற்றம்

இன்று நாம் அறியும் குறுக்கெழுத்துப் புதிரின் முன்னோடி 1913 டிசம்பர் 21 அன்று நியூயார்க் வேர்ல்டு என்ற அமெரிக்க நாளிதழில் வெளியானது. அதை அமைத்தவர் ஆர்தர் வின். 1924இல் குறுக்கெழுத்துப் புதிர்கள் புத்தகமாக வந்தபின் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் அது பெரும் மோகமாகப் பரவியது. அங்கிருந்து இந்திய ஆங்கில இதழ்களுக்கும், பிறகு இந்திய மொழி இதழ்களுக்கும் வந்தது.

புதிர் விடுவிப்பது பொழுதுபோக்கு மட்டுமாக இருந்த வரையில் அதில் சிக்கல் இல்லை. ஆனால் பரிசுப் போட்டிகளில் கூப்பனுடன் நுழைவுக் கட்டணமும் சேர்ந்தது. ஒருவர் எத்தனை கூப்பன் வேண்டுமானாலும் அனுப்பலாம் என்பதால், ஒரே வாசகர் ஒரே இதழின் பல பிரதிகளை வாங்கினார். இதழுக்கு இரு வழியிலும் வருவாய் கிடைத்தது.

வாசனும் ஆனந்த விகடனும்

திருத்துறைப்பூண்டியில் பிறந்த வாசன் இளம் வயதிலேயே தந்தையை இழந்து, தாயாருடன் சென்னைக்கு வந்தவர். கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டு, பத்திரிகைகளுக்கு விளம்பரம் சேகரித்துத் தரும் தொழிலிலும், தபால் மூலம் பொருள் விற்கும் தொழிலிலும் இறங்கினார். விளம்பரத்தைப் படிப்பவர் எப்போது காசை எடுத்து மணியார்டர் அனுப்புவார் என்பதை அவர் கற்றுக்கொண்டது இக்காலத்தில்தான்.

பூதூர் வைத்தியநாதய்யர் 1926இல் தொடங்கிய ஆனந்த விகடன் இரண்டு ஆண்டுகளுக்குள் நின்றுபோனது. அந்த இதழின் உரிமையை வாசன் 1928இல் 200 ரூபாய்க்கு வாங்கினார். பெயரில் உள்ள 8 எழுத்துகளுக்கு எழுத்துக்கு 25 ரூபாய் என்பது கணக்கு. நகைச்சுவை, கேலிச்சித்திரம், தொடர்கதை ஆகியவற்றோடு 1930களில் குறுக்கெழுத்துப் போட்டியும் இதழின் விற்பனையை உயர்த்தியது. கல்கி ரா. கிருஷ்ணமூர்த்தியின் எழுத்து படிப்பவர்களை ஈர்த்தது. வாசகரை அடுத்த வாரத்துக்காகக் காத்திருக்க வைப்பதில் தொடர்கதையும் போட்டியும் ஒன்று. முன்னதில் கதை எப்படிப் போகும் என்ற ஆவல், பின்னதில் பரிசு யாருக்கு என்ற ஆவல்.

ஹாலிவுட்டின் முறை

இதே காலத்தில் அமெரிக்காவில் இசைத் திரைப்படங்கள் பெருகின. அங்கே படக்கம்பெனிகள் ஒவ்வொரு படத்துக்கும் விளம்பரக் கையேடு ஒன்றை அச்சிட்டு அரங்கு உரிமையாளர்களுக்கு அனுப்பின. உள்ளூர் நாளிதழில் அப்படியே வெளியிடத்தக்க போட்டிகள் அதில் தயாராக இருக்கும். நடிகரின் படத்தைப் பார்த்துப் பெயர் சொல்வது, கோட்டுப் படத்துக்கு வண்ணம் தீட்டுவது போன்றவை அவை.

இந்த ஏற்பாட்டில் மூவருக்குப் பயன் இருந்தது. நாளிதழுக்கு விற்பனை கூடியது. அரங்குக்குக் காசு கொடுக்காமல் விளம்பரம் கிடைத்தது. வாசகருக்குப் பரிசாக இலவசச் சீட்டு கிடைத்தது. காலியாகக் கிடக்கும் நாற்காலிக்குக் கொடுக்கும் இலவசச் சீட்டால் அரங்குக்குப் பெரிய இழப்பு இல்லை. பரிசு பெற்றவர் பெரும்பாலும் தனியாக வருவதும் இல்லை. உடன் வருபவர் காசு கொடுத்துச் சீட்டு வாங்குவார்.

போட்டிக்கு அப்பாலும் விளம்பரம் வளர்ந்தது. 1933இல் வார்னர் பிரதர்ஸ் நிறுவனம் ஃபார்ட்டி செகண்ட் ஸ்ட்ரீட் என்ற இசைப்படத்துக்காக நடிகர்களை ஏற்றிய தனி ரயில் ஒன்றை லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து நாட்டின் குறுக்கே ஓட்டியது. ரூஸ்வெல்ட் குடியரசுத் தலைவராகப் பதவியேற்கும் நேரத்தில் அது வாஷிங்டனுக்குச் சென்றது. ரயில் நின்ற ஊர்களில் அது செய்தியானது.

தியாகபூமி: இதழும் படமும்

தமிழில் இதழும் படமும் நேரடியாகக் கைகோத்ததற்கு 1939இல் வெளியான தியாகபூமி சிறந்த எடுத்துக்காட்டு. கல்கி எழுதிய கதையை கே. சுப்ரமணியம் படமாக்கினார். அதே கதை ஆனந்த விகடனில் தொடராகவும் வந்தது. வழக்கமான ஓவியங்களுக்குப் பதிலாகப் படத்தின் ஸ்டில்களே தொடருக்கு அச்சிடப்பட்டன. பாபநாசம் சிவன் நடித்த, பாடல்களுக்கு முக்கிய இடம் தந்த இப்படத்தின் முகங்களை வாசகர்கள் அரங்குக்குள் நுழையும் முன்பே அறிந்திருந்தார்கள். இங்கே கூப்பனும் இல்லை, கட்டணமும் இல்லை. ஆனாலும் வாரந்தோறும் காத்திருக்க வைக்கும் போட்டியின் உத்தி அப்படியே இருந்தது.

சந்திரலேகா

தீயினால் சேதமடைந்த கே. சுப்ரமணியத்தின் படப்பிடிப்பு நிலையத்தை வாசன் ஏலத்தில் எடுத்து ஜெமினி ஸ்டூடியோவாக மாற்றினார். மங்கம்மா சபதம் (1943) வெற்றி பெற்றபின், தம் கதை இலாகா சொன்ன ஒரு கதையில் வந்த சந்திரலேகா என்ற பெயர் அவருக்குப் பிடித்துப்போனது. கதை பிடிக்கவில்லை. ஆயினும் அந்தப் பெயரில் படம் வருகிறது என்று முதலில் விளம்பரம் செய்தார். கதை பிறகு உருவாக்கப்பட்டது.

டி. ஆர். ராஜகுமாரி, எம். கே. ராதா, ரஞ்சன் ஆகியோர் நடித்த இப்படத்தின் பாடல்களுக்கு எஸ். ராஜேஸ்வர ராவ் இசையமைத்தார். முதலில் டி. ஜி. ராகவாச்சாரி இயக்கினார். பின்னர் வாசனே இயக்குநர் பொறுப்பை ஏற்றார். சர்க்கஸ் காட்சிகளும், பிரம்மாண்டமான முரசுகளின் மேல் நடனப் பெண்கள் ஆடும் முரசு நடனமும் படத்தின் சிறப்புகள். செலவு சுமார் 30 லட்சம் ரூபாய் எனக் கூறப்படுகிறது. அக்காலத்தில் அது நினைத்துப் பார்க்க முடியாத தொகை.

1948 ஏப்ரல் 9 அன்று தென்னிந்தியா முழுவதும் 40க்கும் மேற்பட்ட அரங்குகளில் ஒரே சமயத்தில் படம் வெளியானது. நாளிதழ்களில் முழுப்பக்க விளம்பரங்கள் வந்தன. தமிழ்ப் பதிப்பு நல்ல வரவேற்பைப் பெற்றபோதும் செலவை ஈடுகட்டவில்லை. எனவே மாற்றங்களுடன் இந்திப் பதிப்பு உருவாகி, 1948 டிசம்பர் 24 அன்று அதைவிடப் பெரிய விளம்பரத்துடன் வெளிவந்து பெரும் வெற்றி கண்டது. சென்னைத் தயாரிப்பாளர்களுக்கு வடஇந்தியச் சந்தை திறந்தது இப்படத்தால்தான் என்பர்.

சிற்றூர்களில் விளம்பரம்

நகர வாசகரும் சிற்றூர் வாசகரும் இந்த விளம்பரங்களை ஒரே மாதிரி அனுபவிக்கவில்லை. சென்னைக்கு வடக்கே பொன்னேரி, கும்மிடிப்பூண்டி, ஆரணி போன்ற ஊர்ப்புறங்களுக்கு நாளிதழும் வார இதழும் சென்னையிலிருந்து விரைவாக வந்து சேரும். படம் அப்படி வராது. பெரிய அரங்குகளில் ஓடித் தேய்ந்த பிரதியே மாதங்கள் கழித்து டூரிங் கொட்டகைக்கு வரும். முடிதிருத்தகத்திலும் தேநீர்க்கடையிலும் ஒருவர் வாசிக்கப் பலர் கேட்கும் செய்தித்தாளில் படம் முதலில் அறிமுகமாகும். கடைசியில் மாட்டு வண்டியில் தட்டி கட்டி, மேளம் அடித்து, நோட்டீஸ் வீசி வருவதெல்லாம் ஏற்கெனவே விதைத்த ஆசையை நினைவூட்டும் வேலைதான். படம் வரும்வரை அதன் பேச்சு அணையாமல் இருந்ததற்கு அச்செழுத்தே காரணம்.

சூதாட்டமா, அறிவுத்திறனா?

கட்டணப் போட்டிகளின் மறுபக்கம் கவலைக்குரியது. பல பரிசுப் புதிர்களில் ஒரு கட்டத்துக்குப் பொருத்தமான சொற்கள் ஒன்றுக்கு மேற்பட்டு இருக்கும். எது சரி என்பதை நடத்துபவர்கள் முன்கூட்டியே முடிவு செய்து முத்திரையிட்டு வைத்திருப்பார்கள். அறிவு எவ்வளவு இருந்தாலும் கடைசியில் விடை ஊகமாகவே முடியும். எல்லா வாய்ப்புகளையும் நிரப்ப விரும்பியவர் கூப்பன் மேல் கூப்பனாக அனுப்பினார். பலரது சிறு தொகைகள் சேர்ந்து சிலருக்குப் பரிசாயின. மீதி நடத்துபவரிடம் தங்கியது.

இதைக் கட்டுப்படுத்த நாடாளுமன்றம் 1955இல் பரிசுப் போட்டிகள் சட்டத்தை இயற்றியது. எழுத்து, சொல், எண் ஆகியவற்றை அமைத்து விடுவிக்கும் போட்டிகளில் மாதப் பரிசின் மொத்த மதிப்பு 1,000 ரூபாயைத் தாண்டக்கூடாது, வரும் விடைகள் 2,000க்கு மேற்படக்கூடாது, நடத்த உரிமம் வேண்டும் என்று அச்சட்டம் கூறியது. பெங்களூரிலிருந்து வந்த ஸ்போர்ட்டிங் ஸ்டார் இதழில் புதிர்ப் போட்டி நடத்திய ஆர். எம். டி. சமர்பாக்வாலா தொடர்ந்த வழக்குகளில் உச்ச நீதிமன்றம் 1957இல் தீர்ப்பளித்தது. சூதாட்டத் தன்மையுள்ள போட்டி, அரசமைப்பு பாதுகாக்கும் வணிகம் ஆகாது என்றும், சட்டத்தின் கட்டுப்பாடுகள் அத்தகைய போட்டிகளுக்கே உரியவை, திறமையால் வெல்லும் போட்டிகளுக்கு அல்ல என்றும் நீதிமன்றம் விளக்கியது.

மதிப்பீடு

கட்டணம் வாங்கும் பெரும் போட்டிகளுக்கு எல்லை வகுக்கப்பட்ட பின்னும், கட்டணமில்லாமல் சீட்டைப் பரிசாகத் தரும் திரைப்படப் போட்டிகள் தொடர்ந்தன. இன்று கூப்பனின் இடத்தில் குறுஞ்செய்தியும் கைப்பேசிச் செயலியும் உள்ளன. இரண்டையும் பிரித்தறிய மாணவர்கள் ஒரு கேள்வியை வைத்துக்கொள்ளலாம்: பரிசுக்கான பணம் யாருடைய சட்டைப் பையிலிருந்து வருகிறது? பட நிறுவனம் தன் விளம்பரச் செலவிலிருந்து தந்தால் அது விளம்பரம். தோற்றவர்கள் செலுத்திய அணாக்களிலிருந்து வந்தால், அது புதிரின் உடை அணிந்த பந்தயம். தமிழ் வாசகரின் ஆர்வத்தை அளந்தறிந்த வாசனின் திறமை வரலாற்றில் நிலைத்தது. அந்த ஆர்வத்துக்கு வாசகர்கள் கொடுத்த விலையும் அதே வரலாற்றின் பகுதியே.