மச்சான் பிடித்த கயிறு

சித்திரை, வைகாசி மாதங்களில் எங்கள் திருத்தணியில் மத்தியானம் 12 மணிக்கு மேல் வெளியே தலைகாட்ட முடியாது. வானிலைச் செய்தியில் வேலூரோடு போட்டி போடுகிற ஊர் இது. இங்கே மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்துகொண்டு, உறைந்த ஏரியின் பனிக்கட்டிக்கு அடியில் முங்குகிறவர்களைப் பற்றி எழுதுவது கொஞ்சம் வேடிக்கைதான். ஆனால் அவர்கள் கடைப்பிடிக்கும் முதல் விதி, நம் மன்னார் வளைகுடாவில் முத்துக் குளித்தவர்கள் காலங்காலமாக வைத்திருந்த விதி. அதனால்தான் எழுதத் தோன்றியது.

முதலில் அது என்ன விளையாட்டு என்று சொல்லிவிடுகிறேன். கனடா, பின்லாந்து, ரஷ்யா, பிரான்சின் ஆல்ப்ஸ் மலையிலுள்ள தீஞ் ஏரி போன்ற இடங்களில் குளிர்காலத்தில் தண்ணீரின் மேற்பரப்பு பாறையாக உறைந்துவிடும். உள்ளூர் ஸ்கூபா சங்கத்தார் ஐந்தாறு பேர் சேர்ந்து, மரம் அறுக்கிற இயந்திர ரம்பத்தால் அதில் முக்கோணமாக ஒரு துளை அறுப்பார்கள். முக்கோணம் ஏன் என்றால், வெளியே ஏறும்போது மூலையில் இரண்டு பக்கமும் கையை ஊன்றிக்கொள்ளலாம். முதுகில் காற்று உருளை, உள்ளே கம்பளி உடுப்பு, அதன்மேல் தண்ணீர் புகாத ரப்பர் சட்டை. அந்தத் துளை வழியாக இறங்குவார்கள்.

கீழே எல்லாம் உறைந்து கிடக்காதா என்று கேட்கலாம். தண்ணீருக்கு ஒரு விசேஷ குணம் உண்டு. 4 டிகிரியில்தான் அது மிகவும் கனமாக இருக்கும். அதைவிடக் குளிர்ந்தால் லேசாகி மேலே வந்துவிடும். ஆகவே பனிக்கட்டி கூரைபோல் மேலே நிற்க, அடியில் 4 டிகிரித் தண்ணீரில் மீன்கள் பாட்டுக்குப் பிழைத்துக்கொண்டிருக்கும். காற்று அலைக்காததால் சேறு படிந்து, தண்ணீர் கண்ணாடிபோல் தெளிந்திருக்கும். விடுகிற மூச்சு குமிழ் குமிழாக மேலே போய், கூரையில் முட்டிப் பாதரசம்போல் பரவும். இதைப் பார்க்கத்தான் அந்தக் குளிரில் போகிறார்கள்.

ஆபத்தும் அந்தக் கூரையில்தான் இருக்கிறது. சாதாரணக் கடலில் என்ன ஆனாலும் மேலே வந்தால் வானம் உண்டு. இங்கே மேலே வந்தால் தலை பனிக்கட்டியில் இடிக்கும். வாசல் ஒன்றே ஒன்றுதான். அதை விட்டு நாலு பாகம் தள்ளிப்போய் திசை தப்பினால் தீர்ந்தது. அதனால் உடம்பில் கயிறு கட்டாமல் யாரும் இறங்குவதில்லை. கயிற்றின் மறுமுனை பனிமேல் நிற்கும் ஒருவர் கையில். அவருக்கு வேறு வேலை கிடையாது. கயிறு தொய்யவும் கூடாது, இறுகவும் கூடாது. ஓர் இழுப்புக்கு ஓர் அர்த்தம், இரண்டு இழுப்புக்கு வேறு அர்த்தம் என்று முன்கூட்டியே பேசிக்கொள்வார்கள். பக்கத்தில் இன்னொருவர் முழு உடுப்போடு, இன்னும் நீளமான கயிறோடு தயாராக உட்கார்ந்திருப்பார். உள்ளே போனவர் கயிறு அறுந்து தொலைந்தால் தேடப் போக வேண்டியவர் அவர்.

இனி மன்னாருக்கு வருவோம். அங்கே முத்தெடுத்த வரலாறு மிகப் பழையது. கி.பி. முதல் நூற்றாண்டில் ஒரு கிரேக்க வணிகர் எழுதிவைத்த கடல்வழிக் குறிப்பு, கொற்கையில் தண்டனை பெற்ற குற்றவாளிகளைக் கொண்டு முத்தெடுத்தார்கள் என்கிறது. அந்த ஒரு தகவலே அது எப்படிப்பட்ட வேலை என்று சொல்லிவிடும். 13ஆம் நூற்றாண்டில் வந்த மார்க்கோ போலோ, சுறாக்களை மந்திரத்தால் வாய்கட்டுகிறவர்களுக்குக் கிடைப்பதில் இருபதில் ஒரு பங்கு கொடுத்ததாக எழுதியிருக்கிறார். சுறாவுக்குக் கூலி கிடையாது, மந்திரத்துக்கு உண்டு!

பரதவர்கள், கீழக்கரைப் பக்கத்து முஸ்லிம்கள், அக்கரைக்கு வந்த அரபுக்காரர்கள் என்று பலரும் குளித்தார்கள். முறை ஒன்றுதான். படகிலிருந்து இரண்டு கயிறு. ஒன்றில் கல், மற்றொன்றில் சிப்பி போடும் வலைக்கூடை. குளியாள் கல்லின்மேல் கால்வைத்து, மூச்சை இழுத்துப் பிடித்து, மூக்கைப் பொத்திக்கொண்டு இறங்குவார். அரபுக்காரர்கள் மூக்குக்குக் கொம்பில் செய்த கவ்வி போட்டார்கள், நம்மவர்களுக்கு விரல்தான். ஆறு முதல் பத்துப் பாகம் ஆழம். தரையைத் தொட்டதும் கல்லை மேலே இழுத்துவிடுவார்கள். ஒரு நிமிடத்துக்குச் சற்று முன்பின்னாகக் கைக்கு வந்த சிப்பியை அள்ளிக்கொண்டு கயிற்றை ஒரு வெட்டு வெட்டினால், மேலே இருப்பவர் சரசரவென்று இழுக்க வேண்டும். வெள்ளைக்காரர்களின் அறிக்கைகளில் அவருக்கு ‘முண்டக்’ என்று பெயர். அவர் அரை நிமிடம் அசந்தால் கீழே ஓர் உயிர் போகும்.

அந்தக் கயிற்றை யாரிடம் கொடுப்பது? தென்கடற்கரையில் இன்றும் சொல்வார்கள், மச்சான் கையில்தான் கொடுக்க வேண்டும் என்று. அண்ணன் தம்பியை நம்ப முடியாது, சொத்துத் தகராறு இருக்கும். பங்காளியைக் கேட்கவே வேண்டாம். மனைவியின் உடன்பிறந்தவன்தான் கடைசிவரை கயிற்றை விடமாட்டான், கீழே இருப்பவன் செத்தால் அறுகிறது அவன் அக்கா தங்கையின் தாலி. வேடிக்கையாகத் தோன்றினாலும், எனக்குத் தெரிந்து இதைவிடக் கச்சிதமான பாதுகாப்பு விதியை எந்த அரசாங்க ஆணையும் போட்டதில்லை. நானே அவற்றில் பலவற்றைப் படி எடுத்தவன்.

இந்தக் கயிற்றை அறுத்தெறிய வேண்டும் என்ற கனவைக் கண்டவர்கள் பிரெஞ்சுக்காரர்கள். நான் பள்ளியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். ழூல் வேர்ன் எழுதிய ‘கடலடியில் இருபதாயிரம் லீக்’ நாவல் எனக்கு ஒரு வருடம் பரிசாகக் கிடைத்தது. 1869-70இல் தொடராக வந்த கதை. அதில் கேப்டன் நெமோ நம் மன்னார் வளைகுடாவுக்கே வருகிறார். கல்லைக் கட்டி இறங்கும் ஓர் ஏழைக் குளியாளைச் சுறா தாக்க, தானே பாய்ந்து காப்பாற்றி, ஒரு பை முத்தையும் அவர் கையில் கொடுத்துவிட்டுப் போகிறார். பின்னால் 1875இல் வந்த வேறொரு நாவலில்தான் நெமோ ஓர் இந்திய இளவரசர் என்று தெரியவரும். வேர்ன் இந்தியாவுக்கு வந்ததே இல்லை.

நெமோவின் ஆட்கள் முதுகில் காற்றுப் பெட்டியைச் சுமந்து கடலடியில் நடப்பார்கள். அது முழுக்கக் கற்பனை அல்ல. சுரங்கப் பொறியாளர் ரூக்கேரோல், கடற்படை அதிகாரி தெனேரூஸ் என்ற இருவர் 1860களில் செய்த கருவி அது. நிஜக் கருவியிலும் முதுகில் ஒரு காற்றுப் பெட்டி உண்டு. ஆனால் அதில் காற்று கொஞ்ச நேரத்துக்கே காணும், ஆகவே மேலே படகிலிருக்கும் பம்போடு ரப்பர் குழாயால் கட்டுண்டு கிடக்க வேண்டும். அப்படிக் கட்டுண்டிருந்தால் வெகுதூரம் போக முடியாது என்று நெமோவே கதையில் சொல்லி, குழாயை நீக்கிவிட்டதாக விளக்குவார். அதே நாவலின் பின்பகுதியில் கப்பல் தென்துருவப் பனியில் சிக்கிக்கொள்ளும். காற்று தீர்ந்துகொண்டே வர, உடுப்பு மாட்டிய ஆட்கள் முறைபோட்டு இறங்கிப் பனிச்சுவரை வெட்டுவார்கள். சுற்றியுள்ள தண்ணீர் உறையாமலிருக்க நெமோ கொதிநீரைப் பீய்ச்சுவார். பனிக்கடியில் முங்குகிற காட்சியை வேர்ன் காகிதத்தில் நடத்திக் காட்டிவிட்டார்.

அந்தக் கனவு நனவாக முக்கால் நூற்றாண்டு ஆயிற்று. ழாக்-யீவ் கூஸ்தோ என்ற கடற்படை அதிகாரி (தயவுசெய்து ‘காஸ்டியூ’ என்று சொல்லாதீர்கள்) மீனைப்போல் கட்டின்றி நீந்த ஆசைப்பட்டார். அவருடைய மாமனார் ஆன்றி மெல்கியோர், ஏர் லிக்கீட் என்ற வாயுக் கம்பெனியில் பெரிய பொறுப்பில் இருந்தார். அவர் மூலமாக எமில் கஞ்ஞான் என்ற பொறியாளரின் அறிமுகம் கிடைத்தது. அது போர்க்காலம். பெட்ரோலை ஜெர்மானியர்கள் எடுத்துக்கொண்டதால், கார்களை வாயுவில் ஓட்டுவதற்காகக் கஞ்ஞான் ஒரு வால்வு செய்து வைத்திருந்தார். தேவைப்படும்போது தேவைப்படும் அளவு மட்டும் வாயுவை விடும் வால்வு. மூச்சுக்கு வேண்டியதும் அதுதானே! மன்னாரில் மச்சான் தயவு, பாரிசில் மாமனார் தயவு.

1943 ஜனவரியில், கடுங்குளிரில், பாரிசுக்கு வெளியே மார்ன் ஆற்றில் முதல் சோதனை. படுத்து நீந்தும்போது நன்றாக வேலை செய்தது. நிமிர்ந்து நின்றால் காற்று வீணாகக் கொட்டியது. தலைகீழானால் மூச்சே வரவில்லை. காற்று வருகிற வாயும் வெளியேறுகிற வாயும் வேறுவேறு மட்டத்தில் இருந்ததுதான் காரணம். இரண்டையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்ததும் கோளாறு தீர்ந்தது. அந்த ஆண்டு ஜூனில் பந்தோல் என்ற தென்கடற்கரை ஊரில் கூஸ்தோ கயிறும் குழாயும் இல்லாமல் கடலில் திரிந்தார். 1956இல் அவருடைய ‘மௌன உலகம்’ படம் கான் விழாவில் தங்கப்பனை விருது வாங்கியது. கஞ்ஞானோ 1947இல் கனடாவுக்கே குடிபோய்விட்டார். உருளைக்குப் புகழ் சேர்ந்தவர் ஒருவர், வால்வு செய்தவர் ஒருவர். அலுவலகங்களில் நாம் பார்க்காததா?

அறுத்த கயிற்றைத் திரும்பக் கட்டவைத்தது பனிதான். கூரைக்கு அடியில் மீனைப்போல் திரிய முடியாது. போதாக்குறைக்கு அந்த வால்வே குளிரில் சதி செய்யும். உருளையில் 200 பார் அழுத்தத்தில் அடைபட்டிருக்கும் காற்று வெளியே வரும்போது விரிந்து குளிர்கிறது. ஏற்கெனவே உறைநிலைக்குப் பக்கத்திலுள்ள தண்ணீரில், வால்வுக்குள் இருக்கும் ஈரம் பனிக்கட்டியாகி அதைத் திறந்தபடியே பிடித்துக்கொள்ளும். சில நிமிடங்களில் உருளை காலி. அதனால் பனிக்கடியில் போகிறவர்கள் இரண்டு தனித்தனி வால்வு வைத்துக்கொள்வார்கள். காற்றில் மூன்றில் ஒரு பங்கு போனதும் திரும்பிவிடுவார்கள். கயிற்றின் நீளம் பொதுவாக 50 மீட்டருக்கு மேல் கிடையாது.

துருவங்களிலும் கதை இதுதான். 1902இல் தென்துருவப் பனியில் சிக்கிய ‘காவுஸ்’ என்ற ஜெர்மன் கப்பலின் தச்சர் உலோகத் தலைக்கவசம் மாட்டிக்கொண்டு இறங்கிக் கப்பலைச் செப்பனிட்டார். அவர் கடல் ஆராயப் போனவர் அல்ல, ஒழுகலை அடைக்கப் போனவர். 1975இல் கனடாவின் வடகோடியில் ரெசொலூட் என்ற இடத்தில், அன்று இளவரசராக இருந்த சார்லஸ் பனிக்கடியில் முங்கினார். கூட இருந்தவர், வடதுருவத்துக்கு நேர்கீழே 1974இல் முங்கிய மருத்துவர் ஜோ மக்கின்னிஸ்.

நம் நாட்டிலும் இது பொழுதுபோக்கு மட்டுமல்ல. 2020இல் லடாக் எல்லையில் பதற்றம் ஏற்பட்டபோது கடற்படையின் மார்க்கோஸ் வீரர்களைப் பாங்காங் ஏரிப் பக்கம் நிறுத்தியதாகச் செய்திகள் வந்தன. 4,200 மீட்டருக்கு மேலான உயரம், குளிர்காலத்தில் உறைந்துபோகும் ஏரி. அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய 60 சதவீதம்தான். அழுத்தமான காற்றைச் சுவாசித்துவிட்டு மேலே வரும்போது ரத்தத்தில் கரைந்திருக்கும் நைட்ரஜன் குமிழாகும் ஆபத்து, உயரமான இடத்தில் இன்னும் அதிகம்.

இந்த நைட்ரஜன் விஷயத்தை 1878இலேயே போல் பேர் என்ற பிரெஞ்சு உடலியல் அறிஞர் விளக்கிவிட்டார். 1908இல் ஹால்டேன் என்ற ஸ்காட்லாந்துக்காரர், எவ்வளவு ஆழத்திலிருந்து எவ்வளவு மெதுவாக ஏற வேண்டும் என்று அட்டவணையே போட்டுக் கொடுத்தார். உல்லாசத்துக்காகப் பனியில் முங்குகிறவர் ஒவ்வொருவர் கையிலும் அதைக் கணக்கிடும் சின்னக் கணினி கட்டியிருக்கிறது.

தூத்துக்குடிச் சங்குகுளி மீனவர்கள் கையில் அது அநேகமாகக் கிடையாது. அங்கே அரசு நடத்திய கடைசி முத்துக்குளிப்பு 1961இல் முடிந்தது. சங்கு மட்டும் தொடர்ந்தது. மூச்சடக்கிக் குளித்த காலத்தில் கல்லும் கயிறும் இருந்தன, மேலே ஆள் இருந்தார். ஒரு மூச்சில் போய்த் திரும்பியதால் நைட்ரஜன் தொல்லையும் பெரிதாக இல்லை. பக்கத்தில் சங்கு குறையக் குறைய ஆழத்துக்குப் போக வேண்டிவந்தது. கம்ப்ரசரும் உருளையும் வந்தன. முறையான பயிற்சியில்லாமல் ஒருவரைப் பார்த்து ஒருவர் கற்றுக்கொண்டார்கள். மணிக்கணக்கில் கீழே இருந்துவிட்டுச் சட்டென்று மேலே வருவதும், மூட்டுவலி, கைகால் விளங்காமை, சில சமயம் மரணமும் அங்கே புதிய செய்தியல்ல. கூஸ்தோவின் கருவி அவர்களுக்கும் வந்து சேர்ந்தது, அதோடு சேர்ந்து வர வேண்டிய அட்டவணை வரவில்லை.

வெள்ளைக்காரர் காலத்து முத்துக்குளிப்பில் எடுத்த சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு சர்க்காருக்கு, ஒரு பங்கு குளித்தவருக்கு. கயிறு பிடித்தவருக்கும் படகுக்காரருக்கும் உள்ளது அந்த ஒரு பங்குக்குள்தான். சர்க்கார் கணக்கில் சிப்பிக்கு எண் உண்டு, படகுக்கு எண் உண்டு. 1905இல் இலங்கைக் கரையில் எட்டுக் கோடிக்கும் மேல் சிப்பி எடுத்ததை எண்ணி எழுதிவைத்திருக்கிறார்கள். குளித்தவர் பெயரோ, கயிறு பிடித்த மச்சான் பெயரோ எழுதுவதற்கு அந்தப் பதிவேட்டில் பத்தி கிடையாது.