கடைசி அறையின் பயணம்

மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரே ஒரு லாட்ஜ். இரவு பத்து மணி. காலியாக இருப்பது ஒரே ஓர் அறை. வரவேற்பு மேசைக் கணினியில் 'டிங்' என்று ஒலி. பெங்களூரில் யாரோ செல்போனில் அந்த அறையைப் பதிந்துவிட்டார். மேலாளர் கை வைக்காமலேயே, மற்ற இணையதளங்களிலும் 'அறை இல்லை' என்று வந்துவிடுகிறது. ஒரே அறையை இருவருக்குக் கொடுத்துவிடக் கூடாது. இந்த வாக்கைக் காப்பாற்றத்தான் முன்பதிவு இத்தனை தூரம் நடந்து வந்திருக்கிறது.

அது பிறந்தது நீள நோட்டில். கடிதமோ தந்தியோ வந்தால் எழுத்தர் பெயரைக் குறித்துக்கொள்வார். அறை காலியா என்பதற்குச் சாவிப் பலகைதான் சாட்சி. வெளியூர்க்காரர் கண்ணுக்கு அந்தப் பலகை தெரியாது.

அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் 1952இல் கெமன்ஸ் வில்சன் தொடங்கிய ஹாலிடே இன், 1965இல் ஹாலிடெக்ஸ் என்ற கணினி வலையமைப்பைக் கொண்டுவந்தது. இன்றிரவு ஓர் ஊரில் தங்கியவர், நாளை போகும் ஊரிலும் அறையை உறுதி செய்துகொண்டே காரைக் கிளப்பலாம். சாவிப் பலகை ஊர் தாண்டியது.

விமான உலகில் அமெரிக்கன் ஏர்லைன்ஸும் ஐபிஎம்மும் சேர்ந்து சேபர் அமைப்பை உருவாக்கியிருந்தன. 1976 முதல் அது பயண முகவர்களின் மேசைக்கும் வந்தது. டிக்கெட் போடும் திரையிலேயே அறையும் போட ஓட்டல்கள் விரும்பின. ஆனால் இருக்கை வேறு, அறை வேறு. கடல் பார்த்த ஜன்னல், கூடுதல் கட்டில், காலை உணவு என்று அறைக்கு ஆயிரம் விவரம். போதாததற்கு, ஒவ்வொரு விமான அமைப்போடும் தனித்தனி இணைப்பு போட வேண்டும், செலவு கட்டுப்படியாகவில்லை. 1989இல் 16 நிறுவனங்கள் கூடி, எல்லாருக்கும் பொதுவாக ஓர் இணைப்பு நிறுவனத்தைத் தொடங்கின. ஓட்டலின் கணினி மொழியை விமான அமைப்புகளின் மொழிக்கு மாற்றித்தரும் துபாஷி அது. பின்னாளில் பெகாசஸ் என்று பெயர் பெற்றது.

1996இல் நெதர்லாந்தில் புக்கிங் தளமும் அமெரிக்காவில் மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பீடியாவும் தோன்றின. முகவரின் திரை பயணியின் கைக்கு வந்தது. சின்ன லாட்ஜும் உலகத்தின் கண்ணில் பட்டது. அதற்குக் கமிஷன் கொடுத்தாக வேண்டும். ஒவ்வொரு தளத்திலும் ஊழியர் கையால் எண்ணிக்கையை மாற்றவும் வேண்டும். ஒன்றை மறந்தால் ஒரே அறைக்கு இருவர். நள்ளிரவில் உறங்கும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, பதிவுச் சீட்டோடு அறையில்லாமல் நான் நின்றதுண்டு. அந்த இரவை மறக்க முடியவில்லை.

அதைத் தீர்த்தது சேனல் மேனேஜர் என்ற மென்பொருள். ஒரு தளத்தில் பதிவு வந்ததும் அது ஓட்டலின் கணக்கில் ஒன்றைக் கழித்து, புதிய எண்ணை மற்ற தளங்களுக்கெல்லாம் அனுப்புகிறது. ரத்து செய்தால் ஒன்றைக் கூட்டி, அதே வழியில் திருப்பி அனுப்புகிறது.

ஆகவே ஒரு வேண்டுகோள். பயணம் நின்றுவிட்டால் அறையை உடனே ரத்து செய்துவிடுங்கள். நொடிகளில் அந்த அறை மீண்டும் எல்லாத் திரைகளிலும் தெரியும். இரவில் ரயிலிறங்கும் ஒரு குடும்பத்துக்கு அது கிடைக்கும்.