யாருக்கு எழுதப்பட்ட நூல்? தமிழில் மகப்பேறு, குழந்தை வளர்ப்பு நூல்களும் சென்னை மேற்குப் புறநகரின் முதல் தாய்மையும்

ஆய்வுச்சுருக்கம்

முதன்முறை கருவுற்ற பெண் தனக்கான குழந்தை வளர்ப்பு நூலைத் தேர்ந்தெடுப்பது அண்மைக்கால வழக்கம். அவ்வழக்கம் உருவாவதற்குப் பின்னணியாக அமைந்த தமிழ் நூல் மரபை இக்கட்டுரை வரலாற்று நோக்கில் ஆராய்கிறது. வாகடம், மருத்துவ மொழிபெயர்ப்பு, சீர்திருத்த எழுத்து, உளவியல் நூல், அரசின் தாய்சேய் அட்டை ஆகிய ஐந்து வகைகளும் யாரை வாசகராகக் கருதின என்பதே ஆய்வுச் சிக்கல். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஆகிய புறநகர்ப் பகுதிகளின் குடும்ப அமைப்போடு இணைத்து இச்சிக்கல் நோக்கப்படுகிறது.

திறவுச்சொற்கள்: மகப்பேறு, குழந்தை வளர்ப்பு, வாசிப்பு வரலாறு, பாலவாகடம், தாய்சேய் நலம், புறநகர்.

முன்னுரை

தலைப்பிரசவத்தை எதிர்நோக்கும் பெண் எந்த நூலைப் படிக்க வேண்டும் என்பது பெரிதும் மருத்துவம் சார்ந்த கேள்வியாகவே கருதப்படுகிறது. உண்மையில் அக்கேள்வி எழுவதற்கே மூன்று வரலாற்று நிலைமைகள் அமைந்திருக்க வேண்டும். பெண் எழுத்தறிவு பெற்றிருக்க வேண்டும். பேறுகால அறிவு அச்சு வடிவம் பெற்றிருக்க வேண்டும். அவ்வறிவை வாய்மொழியாகத் தரும் மூத்த பெண்கள் அருகில் இல்லாத சூழல் ஏற்பட்டிருக்க வேண்டும். முதலிரண்டும் ஓரளவு ஆராயப்பட்டுள்ளன. தமிழ்ச் சமூகத்தில் வாசிப்புப் பழக்கம் உருவான விதத்தை ஆ. இரா. வேங்கடாசலபதி விரிவாக எழுதியுள்ளார். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் தென்னிந்தியாவில் நிகழ்ந்த கருத்தடை விவாதங்களைச் சாரா ஹாட்ஜஸ் ஆராய்ந்துள்ளார். மூன்றாவது நிலைமையை நூல்களோடு இணைத்து நோக்கும் முயற்சியாக இக்கட்டுரை அமைகிறது.

அச்சுக்கு முற்பட்ட மரபு

குழந்தையைப் பாடுவதில் தமிழ் வளமான மொழி. புறநானூற்றின் 312ஆம் பாடலில் பொன்முடியார் தாய், தந்தை, கொல்லன், வேந்தன் ஆகியோரின் கடமைகளை வகுத்துரைக்கும்போது, பெற்று வளர்ப்பதைத் தாயின் கடமையாக முதலில் வைக்கிறார். திருக்குறளில் மக்கட்பேறு தனி அதிகாரமாக உள்ளது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் இயற்றிய குலோத்துங்கன் பிள்ளைத்தமிழ் தொடங்கி, பிள்ளைத்தமிழ் நூல்கள் குழந்தையின் வளர்ச்சியைப் பத்துப் பருவங்களாகப் பகுத்துக் காட்டின. செங்கீரை, சப்பாணி, வருகை ஆகிய பருவங்கள் தலை நிமிர்த்தி அசைதல், கைகொட்டுதல், தளர்நடை பயிலுதல் ஆகிய உடல் வளர்ச்சிப் படிகளை ஒட்டியவை. எனினும் இந்நூல்கள் தாய்க்கு வழிகாட்ட எழுந்தவை அல்ல. அவற்றில் பேசும் தாய், கவிஞர் ஏற்றுக்கொண்ட குரல்; பாடப்படும் குழந்தை தெய்வம் அல்லது வேந்தன்.

வளர்ப்புக்கு நேரடியாகப் பயன்பட்ட எழுத்து மரபு வாகடங்களுடையது. பாலவாகடம் என வழங்கும் சித்த மருத்துவ நூல்கள் குழந்தை நோய்களை மாந்தம், கணம், தோடம் என வகைப்படுத்தி மருந்து கூறின. இவற்றின் வாசகர் வைத்தியரே. செய்யுள் வடிவமும் மருந்துச் சரக்குகளின் மறைபெயர்களும் பயிற்சியில்லாதவர் நுழைய இடந்தரவில்லை. வீட்டுப் பெண்களின் அறிவு இதற்கு இணையாக வாய்மொழியில் இயங்கியது. வசம்புக்குப் ‘பிள்ளை வளர்ப்பான்’ என்னும் பெயர் வழங்குவது அதற்குச் சான்று. உரைமருந்தாக அது வீடுதோறும் பயன்பட்டது. பேறு பார்த்த மருத்துவச்சியும் அதே வாய்மொழி உலகைச் சேர்ந்தவர்.

மொழிபெயர்ப்பு மருத்துவ நூல்கள்

மேலை மருத்துவம் தமிழ் உரைநடையில் முதலில் முறையாக நுழைந்த இடம் யாழ்ப்பாணம். அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன் 1847இல் இலங்கை வந்து, மானிப்பாயில் மருத்துவக் கல்வியைத் தொடங்கினார். அவர் வெளிக்கொணர்ந்த தமிழ் மருத்துவ நூல்களுள் 1857இல் வந்த ‘பிரசவ வைத்தியம்’ மகப்பேற்றுக்கு உரியது. மான்செலின் ஆங்கில நூலைத் தழுவிய இது, பேற்றுக்கான கலைச்சொற்களைத் தமிழ் உரைநடைக்குக் கொணர்ந்தது. இதன் வாசகரும் மருத்துவம் பயிலும் மாணவரே. வைத்தியரின் இடத்தில் மருத்துவ மாணவர் வந்தார். தாய் பேசப்படும் பொருளாகவே நீடித்தார்.

சென்னையில் மாற்றம் நிறுவனங்கள் வழி வந்தது. 1844இல் தொடங்கப்பட்ட பிரசவ மருத்துவமனை பின்னர் எழும்பூருக்கு மாறியது. கோஷா பெண்களுக்கென 1885இல் தோன்றிய மருத்துவமனை இன்று திருவல்லிக்கேணி கஸ்தூரிபா காந்தி மருத்துவமனையாக உள்ளது. மருத்துவச்சியை அகற்றிப் பயிற்சி பெற்ற தாதியை அமர்த்துவதே இக்காலத்தின் நோக்கம். ஆதலால் நூலும் பயிற்சியும் தாதியை நோக்கியே சென்றன.

சீர்திருத்தக் காலமும் தாய் என்னும் வாசகியும்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கப் பத்தாண்டுகளில்தான் தாய் நேரடியாக அழைக்கப்படுகிறார். அடையாற்றில் 1917இல் தோன்றிய இந்திய மாதர் சங்கத்தின் ‘ஸ்திரீ தர்மம்’ இதழும், அக்காலத் தமிழ்ப் பெண்கள் இதழ்களும் சிசு பராமரிப்பைக் கல்வி கற்ற பெண்ணின் கடமையாக முன்வைத்தன. 1912இல் மருத்துவப் பட்டம் பெற்று, 1927இல் சென்னை மாகாணச் சட்டமேலவை உறுப்பினரான முத்துலெட்சுமி ரெட்டியிடம் மருத்துவரும் சீர்திருத்தவாதியும் ஒன்றிணைந்தனர்.

இவ்வெழுத்துகள் தாயை வாசகியாக்கின. அதேவேளையில் அவரைத் தேசத்தின் பொருட்டு வளர்ப்பவராகவும் ஆக்கின. குழந்தை இறந்தால் அறியாமை காரணமாயிற்று; அறியாமைக்குப் பாட்டியும் மருத்துவச்சியும் பொறுப்பாயினர். வறுமை, நெருக்கடியான வசிப்பிடம், கெட்ட குடிநீர் ஆகியவை பின்னுக்குத் தள்ளப்பட்டன. வாசகியாகும் பேறும் குற்றவுணர்வும் தாய்க்கு ஒருசேர வந்தன எனலாம்.

இதற்கு மாறான குரல் சுயமரியாதை இயக்கத்தினுடையது. ‘பெண் ஏன் அடிமையானாள்?’ நூலில் பெரியார் கர்ப்பத்தடையைத் தனித்து விவாதிக்கிறார். பிறர் அதனைத் தாயின் உடல்நலம், குடும்ப வறுமை, நாட்டின் பொருளாதாரம் ஆகியவற்றின் பொருட்டு ஆதரித்தபோது, அவர் பெண்ணின் விடுதலையின் பொருட்டு ஆதரித்தார். பெண்ணைத் தாயாக அழைப்பதற்கு முன், தாயாவதா வேண்டாமா எனத் தெரிவுசெய்பவராக அழைத்ததே இதன் தனித்தன்மை. இன்றைய குழந்தை வளர்ப்பு நூல்கள் பலவற்றில் இக்குரல் தொடரவில்லை என்பது கருதத்தக்கது.

உளவியல் நோக்கிலான நூல்கள்

1939இல் மரியா மாண்டிசோரி சென்னைக்கு வந்து, போர்க்கால ஆண்டுகளை அடையாற்றிலும் கொடைக்கானலிலும் கழித்தார். குழந்தையின் மனம் பற்றிய புதிய சிந்தனைக்கு அவரது பயிற்சி வகுப்புகள் களம் அமைத்தன. தமிழில் இத்துறையில் முன்னோடி பெ. தூரன். தலைமையாசிரியராகப் பணியாற்றியவரும் தமிழ்க் கலைக்களஞ்சியத்தின் முதன்மைப் பதிப்பாசிரியருமான அவர் ‘குழந்தை உள்ளம்’, ‘கருவில் வளரும் குழந்தை’ முதலிய நூல்களை எழுதினார். முன்னைய நூல்களின் தலைப்புகள் வைத்தியத்தையும் பிரசவத்தையும் சுட்டின. தூரனின் தலைப்புகள் குழந்தையைச் சுட்டுகின்றன. நோயிலிருந்து வளர்ச்சிக்கு நிகழ்ந்த இடப்பெயர்ச்சி தலைப்புகளிலேயே புலனாகிறது. மருத்துவரல்லாத பொது வாசகரும் கருவின் வளர்ச்சியைத் தமிழில் அறியலாம் என்னும் நிலை இவற்றால் உருவானது.

மேற்குப் புறநகர்: நூல் தேவைப்படும் காலம்

சென்னையின் மேற்குப் புறநகர் தொழிற்சாலைகளால் உருவானது. அம்பத்தூரில் 1949இல் டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனம் தோன்றியது. 1960களில் தொழிற்பேட்டை அமைந்தது. ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலையும் பாதுகாப்புத் துறையின் குடியிருப்புகளும் எழுந்தன. பிற மாவட்டங்களிலிருந்தும் பிற மாநிலங்களிலிருந்தும் வந்தோர் இங்குச் சிறு குடும்பங்களாகக் குடியேறினர். மாமியாரும் தாயும் அருகில் இல்லாத வீடு இப்பகுதியின் இயல்பாயிற்று.

ஆயினும் தலைப்பிரசவம் தாய்வீட்டுக்கு உரியது என்னும் மரபு மறையவில்லை. ஏழாம் அல்லது ஒன்பதாம் மாதத்தில் வளைகாப்பு முடிந்து சொந்த ஊருக்குச் செல்லும் பெண், பிள்ளை பிறந்து மூன்று அல்லது ஐந்து மாதங்களுக்குப் பின் புறநகர் வீட்டுக்குத் திரும்புகிறார். பேறும் தொடக்க மாதங்களும் தாய், பாட்டி ஆகியோரின் வாய்மொழி அறிவின் ஆளுகையில் கழிகின்றன. ஆறாம் மாதத்தில் இணை உணவு தொடங்கும் காலத்தில் அவர் தனித்திருக்கிறார். வேலைக்குச் செல்பவராயின், 2017ஆம் ஆண்டுத் திருத்தம் கொணர்ந்த 26 வார மகப்பேறு விடுப்பும் ஏறத்தாழ அப்போதே முடிகிறது. அச்சிட்ட வழிகாட்டுதல் மிகவும் தேவைப்படும் காலம் இதுவே. கருவுற்ற நாளில் வாங்கிய நூல் கருக்காலத்தை மட்டும் பேசுவதாயின், தேவை மிகும் பொழுதில் அது பயன்படாது.

இவ்விடத்தில் ஆய்வாளர் நூலாகக் கருதாத ஒரு பிரதி முக்கியத்துவம் பெறுகிறது. அதுவே தாய்சேய் பாதுகாப்பு அட்டை. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 99.6 விழுக்காட்டுப் பேறுகள் மருத்துவ நிலையங்களில் நிகழ்கின்றன. ஆதலின் பேறுகாலப் பதிவும் அட்டையும் எல்லா வகுப்பினரையும் எட்டும் வாய்ப்புடையவை. டாக்டர் முத்துலெட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தின் நிதி பெறவும் பதிவு வேண்டப்படுகிறது. தடுப்பூசி நாள்கள், எடை வரைபடம், வளர்ச்சிப் படிகள், அபாய அறிகுறிகள் ஆகியவை சில பக்கங்களில் அடங்கியுள்ளன. அம்பத்தூரில் தொடங்கிய பதிவு திருநெல்வேலியில் பேறு பார்த்து மீண்டும் அம்பத்தூருக்கே வரும். இடப்பெயர்ச்சி கொண்ட வாழ்க்கைக்கு ஏற்ற பிரதி இதுவே. தாயும் செவிலியரும் சேர்ந்து எழுதி நிரப்புவது என்னும் வகையிலும் இது பிறவற்றினின்று வேறுபடுகிறது. ஆயினும் நிரப்பப்படும் ஆவணமாக மட்டும் நின்று, படிக்கப்படும் நூலாக மாறாத நிலை இதன் குறை. சுகாதாரப் பணியாளர்களுக்குப் பயிற்சியளிக்கும் பொது சுகாதார நிறுவனம் பூந்தமல்லியிலேயே இருப்பதால், அட்டையை வாசிக்கக் கற்பிக்கும் பணி இங்கிருந்தே தொடங்கலாம்.

நூலின் வயது

குழந்தை வளர்ப்பு நூல்களுக்கு வயது உண்டு. பெஞ்சமின் ஸ்பாக் 1946இல் வெளியிட்ட நூல் உலகெங்கும் பரவியது. 1950களின் பிற்பகுதிப் பதிப்புகளில் குழந்தையைக் குப்புறப் படுக்கவைக்க அவர் பரிந்துரைத்தார். அவ்வாறு படுக்கவைத்தல் திடீர் சிசு மரணத்தின் வாய்ப்பை மிகுவிக்கும் எனப் பின்னர் தெளிவாயிற்று. 1990களில் மல்லாந்து படுக்கவைக்கும் இயக்கம் பரவியது. நல்லெண்ணமும் புகழும் உடைய நூலும் காலத்தால் பிழைபடலாம் என்பதற்கு இது சான்று.

தமிழ் நூல்களுக்கும் இவ்வளவையைப் பொருத்தலாம். தாய்ப்பால் மட்டும் தரவேண்டிய காலத்தை ஆறு மாதம் என உலக நலவாழ்வுப் பேரவை 2001இல் வரையறுத்தது. அதற்கு முன் நான்கு முதல் ஆறு மாதம் என்பதே பரிந்துரை. ஆதலால் நான்காம் மாதத்தில் கூழ் தொடங்கச் சொல்லும் நூல் தன் காலத்தைத் தானே காட்டிவிடுகிறது. சீம்பாலைக் கழிக்கச் சொல்வதும், பிறந்த குழந்தைக்குச் சர்க்கரைத் தண்ணீரும் உரைமருந்தும் புகட்டச் சொல்வதும் இன்றைய மருத்துவத்துக்கு மாறானவை. பால்மாவு விளம்பரங்களைக் கட்டுப்படுத்தும் இந்தியச் சட்டம் 1992இல் வந்தது. அதற்கு முந்தைய நூல்களில் பால்மாவு பற்றிய பகுதிகளைக் கூடுதல் கவனத்தோடு படிக்க வேண்டும். இதனால் பழைய நூல்கள் பயனற்றவை ஆகிவிடா. வரலாற்று ஆய்வாளருக்கு அவை முதன்மைச் சான்றுகள்; கருவுற்ற பெண்ணுக்கு அவை வழிகாட்டிகள் அல்ல. கிளை நூலகத்தில் இரண்டும் ஒரே அலமாரியில் நிற்பதே சிக்கல்.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பெறப்படும் முடிவுகள் பின்வருமாறு:

1. தமிழில் பேறுகால எழுத்து நெடிய மரபுடையது. எனினும் வைத்தியர், மருத்துவ மாணவர், தாதி ஆகியோருக்குப் பின்னரே தாய் வாசகியாக ஏற்கப்பட்டார்.

2. தாயை வாசகியாக்கிய சீர்திருத்த எழுத்து, குழந்தையின் நலத்துக்கு அவரைத் தனிப்பொறுப்பாளராகவும் ஆக்கியது. தந்தையை வாசகராகக் கொள்ளும் நூல்கள் அருகியிருப்பது அதன் தொடர்ச்சியே.

3. மேற்குப் புறநகரில் நூல் தேவை மிகுவது, தாய்வீட்டிலிருந்து திரும்பிய பின்னரே. நூலைத் தேர்வுசெய்வோர் குழந்தையின் முதலாண்டையும் உள்ளடக்கியதா என நோக்குதல் தகும்.

4. பதிப்பாண்டு, தாய்ப்பால் பற்றிய பரிந்துரை, படுக்கவைக்கும் முறை ஆகிய மூன்றும் நூலின் நம்பகத்தை அளக்க எளிய அளவைகள். நூலகங்கள் பழைய பதிப்புகளைத் தனிப் பிரிவாக்கிக் காத்தல் வேண்டும்.

5. தாய்சேய் அட்டையின் பல்வேறு பதிப்புகள் பயன்பட்டபின் வீடுகளிலேயே அழிகின்றன. பெண்களின் கையெழுத்தும் செவிலியர் குறிப்பும் கலந்த இச்சிறு பிரதிகளைத் தொகுப்பது தமிழ் வாசிப்பு வரலாற்று ஆய்வின் உடனடிப் பணியாகும்.