இரண்டு கமோர்ட்டாக்கள்

நிக்கோபார்த் தீவுகளுள் ஒன்றான கமோர்ட்டாவின் பெயரை நம் கடற்படை இருமுறை கப்பலுக்குச் சூட்டியுள்ளது. விடுதலைக்குப் பின்னும் போர்க்கலங்களுக்கு நாம் பெரிதும் பிரிட்டனையே நாடி நின்றோம். கடை ஒன்றே எனில் விலையும் தவணையும் கடைக்காரர் சொன்னபடிதானே! நீர்மூழ்கிக் கப்பல்கள் பற்றிய பேச்சு கடன் வசதியில் இணக்கமின்றி முடியவே, 1965-இல் சோவியத் ருஷ்யாவுடன் உடன்படிக்கை செய்துகொண்டோம். 1968-இல் வந்தது முதல் ‘கமோர்ட்டா’.

பின்பு அக்கடை ஒன்றையே மிகுதியும் சார்ந்துவிட்டோம் என்பதையும் மறைப்பதற்கில்லை. 1991-இல் அந்நாடு பிரிந்ததும் உதிரிப்பாகங்களுக்கு நாம் பட்ட பாடு சிறிதன்று.

இரண்டாவது ‘கமோர்ட்டா’ 2014-இல் கடற்படையிற் சேர்ந்தது. கொல்கத்தாவின் கார்டன் ரீச் கப்பல் தளத்தில் நம் நாட்டு எஃகினாற் கட்டியது; பீரங்கி இத்தாலிய வடிவம், ஹரித்துவாரில் செய்தது; எஞ்சின் பிரெஞ்சு வடிவம், கிர்லோஸ்கர் நிறுவனம் செய்தது.