சேது கால்வாய்: கடலில் போட்ட காசுக்குக் கணக்கு எங்கே?

எங்க ஊர் தூத்துக்குடி. இங்கே முத்துக் குளிப்பு கடைசியாக நடந்தது 1955 முதல் 1961 வரை. அதைப் பார்த்தவர்கள் இன்று தாத்தா, பாட்டி வயதையும் தாண்டியிருப்பார்கள். அதில் எனக்குப் பிடித்த விஷயம் முத்து இல்லை, கணக்கு! வெள்ளைக்காரர் காலத்து முறை இப்படித்தான்: படகு கரைக்கு வந்ததும் சிப்பிகளைக் குவியல் குவியலாகப் பிரிப்பார்கள். ஒரு பங்கு குளித்தவர்களுக்கு, இரண்டு பங்கு அரசாங்கத்துக்கு. அரசாங்கப் பங்கை ஆயிரம் சிப்பிக்கு இவ்வளவு என்று எல்லோர் முன்னாலும் ஏலம் விடுவார்கள். பங்கீடு நியாயமா என்பது வேறு விஷயம் (உயிரைப் பணயம் வைத்தவனுக்கு மூன்றில் ஒரு பங்குதான்). ஆனால் கஜானாவுக்கு எவ்வளவு போனது என்று கரையில் நின்ற எவனுக்கும் தெரியும்.

சரி, விஷயத்துக்கு வருவோம். முத்துக் குளிப்பு மறுபடி தொடங்கிய அதே 1955இல்தான் மத்திய அரசு சர் ஏ. இராமசாமி முதலியார் தலைமையில் ஒரு குழு போட்டது. சேது கால்வாய் வெட்டலாமா என்று பார்ப்பது அதன் வேலை. யோசனை அதற்கும் பழையது, 1860இலேயே டெய்லர் என்ற ஆங்கிலேயர் சொன்னது. முதலியார் குழு, கால்வாயும் தூத்துக்குடித் துறைமுகமும் ஒன்றோடொன்று பிணைந்தவை, இரண்டையும் சேர்த்தே செய்யுங்கள் என்றது. துறைமுகம் வந்தது, 1974 ஜூலையில் பெரிய துறைமுகமாகவும் அறிவிக்கப்பட்டது. கால்வாய் வரவில்லை.

மதிப்பீடு மட்டும் வளர்ந்துகொண்டே போனது. முதலியார் குழு சொன்னது சுமார் 10 கோடி. நாகேந்திர சிங் குழு சுமார் 37 கோடி என்றது. 1983இல் லட்சுமிநாராயணன் குழு 282 கோடி என்றது. 2005இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தபோது அது 2,427 கோடி. (நான் பிறந்த வருஷமும் அதுதான். ஆக, கால்வாய்க்கும் எனக்கும் ஒரே வயசு!) அந்த ஜூலை 2ஆம் தேதி மதுரையில் பிரதமர் மன்மோகன் சிங் திட்டத்தைத் தொடங்கி வைத்தார்.

இங்கேதான் கவனிக்க வேண்டும். அரசியலமைப்புப்படி நாடாளுமன்றம் ஒப்புதல் தராமல் அரசு கஜானாவிலிருந்து ஒரு பைசா எடுக்க முடியாது. ஒவ்வொரு அமைச்சகமும் மானியக் கோரிக்கை வைக்கும், மக்களவை வாக்களிக்கும். ஆனால் சேது திட்டத்தை அமைச்சகம் நேரடியாகச் செய்யவில்லை. சேது சமுத்திரம் கார்ப்பரேஷன் என்று ஒரு கம்பெனி தொடங்கினார்கள். 2,427 கோடியில் மத்திய அரசின் நேரடிப் பங்கு முதலீடு 495 கோடி. தூத்துக்குடி உள்ளிட்ட துறைமுகங்களும் கப்பல் கழகம், தூர்வாரும் கழகம் போன்றவையும் போடும் பங்கைச் சேர்த்தால் 971 கோடி. மீதி 1,456 கோடி கடன். யோசித்துப் பாருங்கள், மக்களவையில் ஓட்டுக்கு வருவது அந்த 495 கோடி மட்டும்தான். அதுவும் பட்ஜெட் புத்தகத்தில் 'பொதுத்துறையில் முதலீடு' என்று ஒரே வரியாக வரும். துறைமுகத்தின் சேமிப்பும் பொதுப்பணம்தானே? அதற்கு யார் கை தூக்கினார்கள்?

அந்த ஒரு வரியாவது விவாதத்துக்கு வருமா என்றால் அதுவும் சந்தேகம். நேரம் முடிந்துவிட்டால் மிச்சமுள்ள கோரிக்கைகளை எல்லாம் மொத்தமாக ஓட்டுக்கு விட்டுவிடுவார்கள். இதற்கு 'கில்லட்டின்' என்று பெயர். தலை வெட்டும் இயந்திரத்தின் பெயர், பொருத்தம்தான்! 2023 மார்ச்சில் சுமார் 45 லட்சம் கோடி ரூபாய் பட்ஜெட் அமளிக்கு நடுவே விவாதமே இல்லாமல் மக்களவையில் நிறைவேறியது.

செலவான பிறகு பார்க்க வழி இருக்கிறது. தணிக்கைத் துறையின் (சி.ஏ.ஜி.) அறிக்கைகள் நாடாளுமன்றத்துக்கு வரும். பொதுக் கணக்குக் குழு 1921இலிருந்தே இருக்கிறது. 1967இலிருந்து அதற்கு எதிர்க்கட்சிக்காரர் தலைவர், மினு மசானி முதல் ஆள். அரசுக் கம்பெனிகளுக்கு என்று 1964இல் தனிக் குழுவும் வந்தது. ஆனால் இவர்கள் எல்லோருமே பணம் போன பிறகு வருகிறவர்கள்.

சேது திட்டத்தில் முன்கூட்டியே கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. 30 மணி நேரம் வரை மிச்சமாகும் என்றார்கள். தூத்துக்குடியிலிருந்து சென்னைக்குப் போகிற கப்பலுக்கு அது சரியாக இருக்கலாம். ஐரோப்பாவிலிருந்து கொல்கத்தா போகிற கப்பலுக்கு? அதற்கு மிச்சம் ரொம்பக் குறைவு. ஆழமில்லாத கால்வாயில் மெதுவாகப் போகவேண்டும், வழிகாட்டி மாலுமிக்கும் கட்டணம் தரவேண்டும். பிறகு எந்தக் கப்பல் வரும், வராவிட்டால் கடனை யார் அடைப்பது? ஜேக்கப் ஜான் என்ற பொருளாதார ஆய்வாளர் 2007இல் இதைக் கணக்குப் போட்டு எழுதினார். மன்னார் வளைகுடா பவளப்பாறைகளும் மீனவர்களும் என்ன ஆவார்கள் என்பது தனிக் கேள்வி.

ஆனால் 2007இல் நாடே பேசியது ராமர் பாலத்தைப் பற்றி. ஆகஸ்டில் உச்சநீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டது. செப்டம்பரில் மத்திய அரசு தன் பிரமாணப் பத்திரத்தையே திரும்பப் பெற்றது. பச்சௌரி குழு வந்தது. 2009இல் பாக் நீரிணைப் பக்கம் நடந்த தூர்வாரலும் நின்றது. ஒரு பக்கம் பக்தி, மறு பக்கம் பகுத்தறிவு என்று ரெண்டு கட்சிக்கும் தீனி கிடைத்தது. கணக்குக் கேட்டவன் குரல் எடுபடவில்லை. இது என் கருத்து, மறுப்பவர்கள் தாராளமாகச் சண்டைக்கு வரலாம்.

2012 ஜூன் வரை செலவானது சுமார் 766 கோடி என்று அரசு சொன்னது. ஒரு எம்.பி. கேள்வி கேட்டால் இப்படி ஒரு எண் பதிலாக வரும். எந்த இடத்தில் எவ்வளவு மண் எடுத்தார்கள், எவ்வளவு கொடுத்தார்கள் என்று தூத்துக்குடிக்காரன் தானாகப் பார்த்துத் தெரிந்துகொள்ள அந்த ஒரு எண் போதாது.

2018இல் மத்திய அரசு, ராமர் பாலத்தைத் தொடாமல் வேறு பாதை பார்ப்பதாக உச்சநீதிமன்றத்தில் சொன்னது. 2023 ஜனவரி 12ஆம் தேதி தமிழகச் சட்டமன்றம் திட்டத்தை மீண்டும் தொடங்கக் கோரி ஒருமனதாகத் தீர்மானம் போட்டது. கப்பல்கள் இன்றும் இலங்கையைச் சுற்றித்தான் போகின்றன. மறுபடி தொடங்கினால் இந்த முறை மதிப்பீடு எத்தனை கோடி என்று வரும், அதில் எவ்வளவு மக்களவையில் ஓட்டுக்கு வரும் என்று பார்க்க ஆவலாக இருக்கிறேன்.