கிராஞ்சியில் உள்ள பெயர்களும் இல்லாத பெயர்களும்



பள்ளி விடுமுறையில் ஆறாம் ஆண்டு மாணவர்கள் சிலரை அழைத்துக்கொண்டு ஜொகூர் பாலத்தைக் கடந்து சிங்கப்பூர் சென்றிருந்தோம். மாணவர்களுக்கு விலங்குக் காட்சிச்சாலைதான் குறி. வழியில் கிராஞ்சிப் போர் நினைவிடத்தில் ஒரு மணி நேரம் இறங்க வேண்டும் என்பது என் பிடிவாதம். குன்றின் சரிவில் வரிசை வரிசையாக நிற்கும் வெண்கற்களைக் கண்டதும் பேருந்தில் இருந்த கூச்சல் தானாக அடங்கியது. மேலே ஏறும்போது ஒரு மாணவி கேட்டாள்: "ஐயா, இங்க நம்ம ஆளுங்க பேரும் இருக்குமா?"

இருக்கும் என்றேன். பிறகு, எல்லாருடைய பெயரும் இருக்காது என்றேன். இரண்டும் உண்மைதான். ஆனால் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு அந்த வெயிலில் நின்றபடி அதற்குமேல் விளக்க முடியவில்லை. அன்று சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

போரில் மாண்ட வீரனுக்குக் கல் நட்டு, அவன் பெயரையும் பீடையும் பொறித்து வழிபடுவது நம் முன்னோர் அறிந்த வழக்கம். கல்லைத் தேர்ந்தெடுப்பது முதல் வாழ்த்துவது வரை அதன் நிலைகளைத் தொல்காப்பியம் வகுத்துரைக்கிறது. ஆயினும் உலகின் பெரும்படைகள் பலவற்றில் நெடுங்காலம் நடந்தது வேறு. தளபதிக்குச் சிலை எழும். சாதாரணப் படைவீரன் ஒரே குழியில் நூற்றுவரோடு புதையுண்டு போவான். வாட்டர்லூ போரில் இறந்த எளிய வீரர்களுக்கும் அந்தக் கதிதான்.

இந்நிலை மாறுவதற்குக் காரணமானவர்களுள் முதன்மையானவர் ஃபேபியன் வேர் என்னும் ஆங்கிலேயர். 1914-இல் முதல் உலகப் போர் மூண்டபோது அவருக்கு வயது 45. படையில் சேர வயது கடந்துவிட்டதால் செஞ்சிலுவைச் சங்க வாகனப் பிரிவொன்றின் தலைவராகப் பிரான்சுக்குச் சென்றார். சாலையோரங்களில் மரச்சிலுவை நட்ட புதைகுழிகளைக் கண்டார். அவற்றைக் குறித்து வைப்பார் எவருமில்லை. மழையில் எழுத்து அழிந்தால் பெயரும் அழிந்துவிடும். அவரே குறிப்பெடுக்கத் தொடங்கினார். அந்தக் குறிப்பேடுதான் 1917 மே 21-ஆம் நாள் அரச பட்டயம் பெற்ற பேரரசுப் போர்க்கல்லறை ஆணையமாக வளர்ந்தது. 1960 முதல் அதன் பெயர் காமன்வெல்த் போர்க்கல்லறை ஆணையம். இன்று ஏறத்தாழ 17 இலட்சம் பேரின் நினைவைக் காக்கும் பொறுப்பு அதனிடம் உள்ளது.

அது வகுத்த விதிகள் அக்காலத்துக்குத் துணிவானவை. இறந்த ஒவ்வொருவரின் பெயரும் கல்லறையிலோ நினைவுச் சுவரிலோ பொறிக்கப்பட வேண்டும். படைத்தலைவனுக்கும் சமையற்காரனுக்கும் ஒரே அளவுக் கல். எவருடைய உடலையும் தாயகத்துக்கு எடுத்துச் செல்லக்கூடாது. செல்வர் வீட்டுத் தாய்மார் பலர் கொதித்தெழுந்தனர். என் மகனின் உடலை எனக்குத் தர மறுக்க அரசு யார் என்று அவர்கள் கேட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை. பல்லாயிரவர் கையொப்பமிட்ட விண்ணப்பம் போயிற்று. 1920 மே மாதத்தில் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் கடும் விவாதம் நடந்தது. ஆணையத்தின் விதியே நின்றது. பணமுள்ளவன் மட்டும் மகனின் உடலைக் கொண்டுவந்து பளிங்கு மண்டபம் கட்டுவான், ஏழை கட்டமாட்டான் என்பதுதான் அதன் அடிப்படை. ஆணையத்துக்காகக் கல்வெட்டு வாசகங்களைத் தேர்ந்தளித்த எழுத்தாளர் கிப்ளிங்கின் ஒரே மகனும் 1915-இல் லூஸ் போர்க்களத்தில் காணாமற்போனவன். அவர் உயிரோடிருந்தவரை அவனது கல்லறை இன்னதென்று தெரியவே இல்லை. அடையாளம் தெரியாதவர்களின் கற்களில், இவன் யாரென்று இறைவனுக்கு மட்டுமே தெரியும் என்ற பொருள்படும் வாசகத்தைத் தேர்ந்து கொடுத்தவர் அந்தத் தந்தைதான்.

அமெரிக்கர்களின் வழி வேறு. உடலைக் கொண்டுவருவதா, அயல்மண்ணிலேயே விடுவதா என்பதைக் குடும்பத்தாரே முடிவு செய்யட்டும் என்று அவர்கள் விட்டுவிட்டனர். வியட்நாம் போரில் மாண்ட பெயரறியா வீரர் ஒருவரை 1984-இல் ஆர்லிங்டனில் பெரும் மரியாதையுடன் அடக்கம் செய்தார்கள். 1998-இல் மரபணுச் சோதனை அவர் மைக்கேல் பிளாசி என்ற விமானி என்று காட்டிவிட்டது. உடல் குடும்பத்தாரிடம் ஒப்படைக்கப்பட்டது. அந்தக் குழி இன்று வெறுமையாகவே காக்கப்படுகிறது.

கிராஞ்சிக்குத் திரும்புவோம். போருக்குமுன் அது படைமுகாம். ஜப்பானியர் காலத்தில் போர்க்கைதிகள் முகாம். 1946-இல் சாங்கியிலும் பிற இடங்களிலும் இருந்த கல்லறைகள் இங்கே கொண்டுவரப்பட்டன. இன்று இங்கே 4,400-க்கும் மேற்பட்ட கல்லறைகள் உள்ளன. அவற்றுள் 850-க்கும் மேற்பட்டோர் இன்னாரென்று அறியப்படாதவர்கள். உச்சியில் விமானச் சிறகுபோல் கூரை விரித்து நிற்கும் மண்டபம் 1957 மார்ச் 2-இல் திறந்துவைக்கப்பட்டது. உடலே கிடைக்காதவர்கள் 24,000-க்கும் மேற்பட்டோரின் பெயர்கள் அதன் சுவர்களில் பொறிக்கப்பட்டுள்ளன. மலாயாவிலும் இந்தோனேசியாவிலும் கடலிலும் மறைந்தவர்கள் அவர்கள். படைப்பிரிவு வாரியாகப் பெயர்கள் ஓடுகின்றன. இந்தியப் படையின் பகுதிக்கு வந்ததும் மாணவர்கள் சுவரோடு ஒட்டிக்கொண்டு, தெரிந்த பெயர் அகப்படுமா என்று எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கினர். சிங்கும் கானும் அதிகம்.

மண்டபத்தின் பின்புறத்தில் இருப்பதைப் பலரும் பார்க்காமல் திரும்பிவிடுகிறார்கள். அது தகன நினைவுச்சின்னம். சமய முறைப்படி எரியூட்டப்பட்ட ஏறத்தாழ 800 பேரின் பெயர்கள் அங்கே உள்ளன. பெரும்பாலோர் பிரிவுபடாத இந்தியாவின் படைவீரர்கள். எரித்தவனுக்குக் கல்லறை இல்லை, ஆனால் பெயர் உண்டு என்று ஆணையம் ஏற்றுக்கொண்டதன் சான்று அது.

எல்லா இடத்திலும் அந்த நேர்மை காக்கப்படவில்லை. 2021 ஏப்ரலில் ஆணையம் தானே ஓர் அறிக்கை வெளியிட்டு மன்னிப்புக் கேட்டது. முதல் உலகப் போரில் மாண்ட இந்தியர், ஆப்பிரிக்கர், எகிப்தியர் முதலியோருள் 45,000 முதல் 54,000 பேர்வரை சமமாக நினைவுகூரப்படவில்லை. மேலும் குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர்வரை, பெயராலோ முற்றிலுமோ நினைவுகூரப்படாமல் விடப்பட்டனர் என்று அந்த அறிக்கை ஒப்புக்கொண்டது. ஆப்பிரிக்கச் சுமைகூலிகளுக்குத் தனிக்கல் எதற்கு, அதன் பொருள் அவர்களுக்குப் புரியாது என்ற அளவில் அக்காலத்துக் குடியேற்ற அதிகாரிகள் எழுதிவைத்திருக்கின்றனர். பிரான்சில் நவ் ஷாப்பெல் என்னுமிடத்தில் 4,700-க்கும் மேற்பட்ட இந்தியர் பெயர்களோடு 1927-இல் அழகிய நினைவுச்சின்னம் எழுப்பிய அதே ஆணையம்தான் இதையும் செய்தது. ஐரோப்பாவில் இறந்தவனுக்கு ஒரு நீதி, ஆப்பிரிக்காவில் இறந்தவனுக்கு ஒரு நீதி!

சிங்கையில் நம்மவர்க்கு இன்னும் நெருக்கமான கல் ஒன்று இருந்தது. அது நின்றது ஒருசில வாரங்களே. 1945 ஜூலை 8-ஆம் நாள் நேதாஜி சுபாஷ் சந்திரபோஸ், எஸ்பிளனேட் கடற்கரையில் இந்திய தேசிய இராணுவத்தின் பெயரறியா வீரனுக்கு நினைவுச்சின்னம் எழுப்ப அடிக்கல் நாட்டினார். கர்னல் ஸ்டிரேசி என்ற அதிகாரியின் பொறுப்பில் விரைவாகக் கட்டி முடிக்கப்பட்டது. ஒற்றுமை, நம்பிக்கை, தியாகம் என்று பொருள்படும் மூன்று சொற்கள் அதில் பொறிக்கப்பட்டிருந்தன. அந்த இராணுவத்தில் பிரிட்டிஷ் இந்தியப் படையிலிருந்து வந்த கைதிகள் மட்டும் இருந்ததில்லை. மலாயாத் தோட்டங்களிலிருந்து பால்வாளியை இறக்கிவைத்துவிட்டுப் போன தமிழ் இளைஞர்களும், ஜான்சி ராணிப் படையில் சேர்ந்த நம் பெண்களும் இருந்தார்கள். செப்டம்பரில் பிரிட்டிஷார் திரும்பி வந்தனர். மவுண்ட்பேட்டனின் ஆணைப்படி அந்தச் சின்னம் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. தகர்த்தவர்கள் பிரிட்டிஷ் இந்தியப் படையின் பொறியாளர்கள்.

அதே திடலில், சிறிது தொலைவில், முதல் உலகப் போரில் மாண்ட 124 பேருக்காக 1922-இல் வேல்ஸ் இளவரசர் திறந்துவைத்த நினைவுத்தூண் அப்போதும் நின்றது, இன்றும் நிற்கிறது. ஜப்பானியர் அதை இடிக்கவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். இந்திய தேசிய இராணுவச் சின்னம் இருந்த இடத்தில் 1995-இல் சிங்கப்பூர் அரசு, இந்தியச் சமூகத்தின் நன்கொடையுடன், ஒரு குறிகல்லை வைத்தது. இந்தியாவில், மணிப்பூரின் மொய்ராங்கில், அச்சின்னத்தின் மறு உருவத்தைக் கட்டி வைத்திருக்கிறார்கள்.

ஜப்பானியரும் இங்கே ஒரு சின்னம் எழுப்பினார்கள். புக்கிட் பாத்தோக் குன்றின்மேல், பிரிட்டிஷ், ஆஸ்திரேலியப் போர்க்கைதிகளின் உழைப்பைக்கொண்டே 1942-இல் கட்டப்பட்ட மரத்தூண் அது. ஷோனான் சூரெய்தோ என்பது பெயர். இறந்த எதிரிகளுக்காக அதன் பின்னால் ஒரு மரச்சிலுவையை நட்டுக்கொள்ளவும் கைதிகளுக்கு இசைவு தரப்பட்டது. ஏழு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழ்ந்த தீவை நடுங்கவைத்த அதே படை, தான் கொன்றவனின் சிலுவைக்கு இடம் விட்டது என்பது எனக்கு இன்றும் விளங்காத ஒன்று. தோல்வி நெருங்கியதும் பகைவர் கையில் அவமதிக்கப்படும் என்று அஞ்சித் தம் தூணைத் தாமே அழித்துவிட்டனர். ஏறிச் செல்லும் 120 படிகள் மட்டும் எஞ்சியுள்ளன. உச்சியில் இப்போது ஒலிபரப்புக் கோபுரம் நிற்கிறது.

டோக்கியோவில் உள்ள யாசுகுனி ஆலயத்தில் உடலும் இல்லை, கல்லறையும் இல்லை. 24 இலட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள் ஏட்டில் ஏற்றப்பட்டு, அவர்கள் தெய்வங்களாக வணங்கப்படுகின்றனர். 1978-இல் முதல் நிலைப் போர்க்குற்றவாளிகள் 14 பேரின் பெயர்களும் அதில் சேர்க்கப்பட்டன. 1975-க்குப் பிறகு எந்தப் பேரரசரும் அங்கே சென்றதில்லை. ஜப்பானியப் படைக்கு இழுத்துச் செல்லப்பட்டு மாண்ட கொரியர்களின் பெயர்களும் அங்கே உள்ளன. அவற்றை நீக்குங்கள் என்று அவர்களின் குடும்பத்தார் சிலர் நீதிமன்றம்வரை சென்றனர். பெயர் இல்லையே என்று அழுபவர்களைத்தான் நாம் அறிவோம். பெயர் ஏன் இருக்கிறது என்று அழுபவர்களும் இருக்கிறார்கள்.

சுதந்திரச் சிங்கப்பூர் எழுப்பிய பெரிய சின்னமோ படைவீரர்க்கு உரியதன்று. 1962-இல் சிக்லாப் பகுதியில் ஜப்பானியரால் கொல்லப்பட்ட மக்களின் எலும்புகள் வெளிப்பட்டன. அவர்கள் நினைவாக நான்கு இனங்களைக் குறிக்கும் நான்கு தூண்கள் 1967 பிப்ரவரி 15-இல் திறந்துவைக்கப்பட்டன. அடியில் 606 தாழிகளில் எலும்புகள் உள்ளன. எவருடைய பெயரும் இல்லை.

இப்போது அந்த மாணவியின் கேள்விக்கு வருகிறேன். அவள் 'நம்ம ஆளுங்க' என்றது படைவீரர்களை அல்ல என்று எனக்கு அப்போதே தெரியும். தோட்டப்புறக் குடும்பங்களில் 'ஜப்பான்காரன் காலம்' என்றாலே சயாம் மரண இரயில்தான். 1942, 43-இல் 415 கிலோமீட்டர் பாதை போடப்பட்டது. நேசநாட்டுப் போர்க்கைதிகள் 12,000-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஆசியத் தொழிலாளர்களில் இறந்தவர்கள் ஏறத்தாழ 90,000 என்பது பொதுவான மதிப்பீடு. அவர்களுள் மலாயாத் தமிழர்கள் பல்லாயிரவர். காஞ்சனபுரியில் ஏறத்தாழ 7,000 கைதிகளுக்குப் புல்தரையும் பூச்செடியும் பெயர்ப்பலகையுமாக ஆணையம் கல்லறைத் தோட்டம் வைத்திருக்கிறது. அதை நான் குறைசொல்லமாட்டேன். அங்கே நின்றால் யாருக்கும் கண் கலங்கும். ஆனால் படைப்பணியில் இருந்தவர்களுக்குத்தான் ஆணையத்தின் விதி. நம்மவர்கள் படைவீரர்கள் அல்லர், கூலிகள். காட்டில் புதைந்தவர்களை யாரும் ஏட்டில் எழுதவில்லை.

வேடிக்கை என்னவென்றால், அந்தப் பாதையில் மாண்டவர்களுக்கு முதலில் நினைவுத்தூண் வைத்தவர்கள் ஜப்பானியரே. 1944-இல் காஞ்சனபுரியில் அவர்கள் எழுப்பிய தூணில் பல மொழிக் கல்வெட்டுகளோடு தமிழும் இருக்கிறது. நம்மவர் முயற்சியில் அங்குள்ள தாவோன் ஆலய வளாகத்தில் நடுகல் ஒன்று எழுந்தது 2023-இல்தான்.

என் தாத்தாவின் அண்ணனும் அப்படிப் போனவர். 'மூன்று மாத வேலை, நாளுக்கு ஒரு வெள்ளி' என்று சொல்லித் தோட்டத்திலிருந்து அழைத்துப் போனார்களாம். இறந்த நாள் தெரியாததால் திதி கொடுக்க வழியில்லை. மாளய அமாவாசை அன்று பாட்டி அவருக்கும் சேர்த்து ஓர் இலை போடுவார். அந்த இலைக்கு எதிரே நாங்கள் யாரும் உட்காரக்கூடாது. அவர் பெயர் என்னவென்று நான் கேட்டதே இல்லை; 'பெரியவர்' என்றுதான் வீட்டில் சொல்வார்கள். பாட்டி மறைந்த பிறகு, பழைய பிறப்புப் பத்திரம் ஒன்றைப் புரட்டியபோதுதான் முத்தையா என்று அறிந்தேன்.

பள்ளி திறந்ததும் அந்த மாணவர்களுக்கு ஒரு வீட்டுப்பாடம் கொடுத்தேன். சயாமுக்குப் போனவர் உங்கள் குடும்பத்தில் எவரேனும் உண்டா? பெயர், தோட்டம், போன ஆண்டு, திரும்பினாரா இல்லையா என்பதை வீட்டில் கேட்டு எழுதி வாருங்கள் என்றேன். பலருடைய தாளில் ஒன்றுமில்லை. கேட்பதற்கு வீட்டில் ஆளில்லை. ஏழு பேர் எழுதி வந்தார்கள். ஏழில் நான்குக்குத்தான் தோட்டத்தின் பெயர் இருந்தது. ஒன்றில் பெயரே இல்லை, 'அப்பாயியோட தம்பி' என்று மட்டும் இருந்தது. கிராஞ்சியில் என்னிடம் கேள்வி கேட்ட மாணவியின் தாள் அது. ஒரு நீளப் புத்தகத்தில் அவற்றை வரிசையாக எழுதி, அவளுடைய வரியில் பெயருக்கு உரிய இடத்தை வெற்றாக விட்டிருக்கிறேன். எட்டாவதாக முத்தையாவின் பெயரைச் சேர்த்தேன்.