சென்னை வீட்டின் வரைபடத்தை ஹட் பேயில் அப்படியே கட்டலாமா? நல்ல பொறியியல் வடிவமைப்பு என்றால் என்ன?

சென்னையில் உறுதியாக நிற்கும் ஒரு மாடி வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதே வரைபடம், அதே கம்பி, அதே சிமென்ட் கலவை. அதை லிட்டில் அந்தமான் தீவின் ஹட் பேயில் கட்டினால் அதேபோல நிற்குமா? 'நிற்கும், அதே வீடுதானே' என்று தோன்றலாம். இந்தியத் தர விதிநூல்களின் எண்கள் வேறு கதை சொல்கின்றன.

எண்கள் என்ன சொல்கின்றன?

நிலநடுக்கம்: ஐஎஸ் 1893 விதிநூலின் 2016-ம் ஆண்டு பதிப்பில் அந்தமான் நிகோபார் தீவுகள் மண்டலம் 5-ல் இருக்கின்றன. அதற்கான மண்டலக் காரணி 0.36. சென்னை மண்டலம் 3, காரணி 0.16. மண்ணும் கட்டடமும் ஒரே மாதிரி இருந்தாலும், ஹட் பே வீட்டுக்குக் கணக்கிட வேண்டிய பக்கவாட்டு விசை சென்னையைப் போல 2.25 மடங்கு.

காற்று: இங்கே கதை தலைகீழ். ஐஎஸ் 875 விதிநூலின் 3-ம் பகுதியில் அடிப்படைக் காற்று வேகம் சென்னைக்கு நொடிக்கு 50 மீட்டர், போர்ட் பிளேருக்கு (இப்போது ஸ்ரீ விஜயபுரம்) 44 மீட்டர்.

உப்பு: கம்பியை மூடியிருக்கும் கான்கிரீட்டின் கனத்தை 'கவர்' என்பார்கள். ஐஎஸ் 456 விதிநூல்படி, பாதிப்பில்லாத சூழலில் 20 மி.மீ. போதும். கடலோரக் காற்று படும் இடத்தில் 45, கடல்நீர்ச் சாரல் தெறிக்கும் இடத்தில் 50 மி.மீ. வேண்டும். இது குறைந்தால் உப்பு கம்பியைத் தின்றுவிடும்.

இந்த எண்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும். கூரை கனமாக இருந்தால் காற்று தூக்காது. ஆனா நிலநடுக்கத்தில் அந்தக் கனமே சுவர்களைத் தள்ளும். லேசாக இருந்தால் நடுக்கத்துக்கு நல்லது. ஆனா காற்றுக்குப் பறக்காமல் இறுக்கிக் கட்ட வேண்டும். எதை எவ்வளவு விட்டுக்கொடுப்பது என்று இடத்தைப் பார்த்து முடிவெடுப்பதுதான் வடிவமைப்பு. வரைபடம் அந்த முடிவின் பதிவு, அவ்வளவுதான்.

தவறினால் என்ன ஆகும்?

வடக்கு அந்தமானையும் நடு அந்தமானையும் இணைக்கும் ஆஸ்டின் பாலத்தைப் பாருங்கள். 268 மீட்டர் நீளம். 2002 செப்டம்பர் 14 அன்று டிக்லிபூர் அருகே 6.5 அளவில் நிலம் நடுங்கியபோதே, பாலத்தின் தளத்தைத் தாங்கும் பகுதிகள் பாதிக்கப்பட்டன. 2004 டிசம்பர் 26 அன்று 9.1 அளவில் வந்த பெரும் நடுக்கத்தில், நடுவில் உள்ள மூன்று தளங்கள் பக்கவாட்டில் சுமார் 70 செ.மீ. நகர்ந்து, தாங்கிகளை விட்டே இறங்கிவிட்டன.

தளம் நகராமல் பிடித்துக்கொள்ளும் பக்கவாட்டுத் தடுப்பு போதுமான அளவில் இல்லாததே சிக்கல். பாலத்தின் மொத்தச் செலவில் இது சின்ன விஷயம். ஆனா அது இல்லாவிட்டால் சாலையே துண்டாகும். நிவாரண லாரியும் ஆம்புலன்ஸும் நின்றுவிடும். சிறிய நடுக்கம் காட்டிய எச்சரிக்கையைப் படித்துத் திருத்துவதும் வடிவமைப்பு வேலைதான்.

வலுவாக இருந்தால் மட்டும் போதுமா?

போதாது. 2004 சுனாமியில் ஹட் பேயின் அலைதடுப்புச் சுவர் சேதமடைந்தது, கரையோர வீடுகள் அழிந்தன. வீடிழந்த தீவு மக்களுக்கு முதலில் கிடைத்தவை தகரக் கொட்டகைகள். வேகமாக எழுப்பலாம், கப்பலில் கொண்டுவருவது எளிது. ஆனா வெயிலில் உள்ளே இருக்க முடியவில்லை என்று மக்கள் புகார் சொன்னார்கள். 9,000-க்கும் மேற்பட்ட நிரந்தர வீடுகள் அதன் பிறகே வந்தன.

நிகோபாரிகளின் மரபான குடிசையோ தூண்கள் மேல் நிற்கும், ஓலை வேய்ந்திருக்கும், கீழே காற்று ஓடும். எடை குறைவு என்பதால் நடுக்கத்திலும் வளைந்து கொடுக்கும். சுனாமி அலையை அது தாங்காது. ஆனாலும் அந்த இடத்தின் வெப்பத்தையும் மழையையும் புரிந்து கட்டப்பட்டது அது. 'இங்கே யார் வாழப்போகிறார்கள்?' என்ற கேள்வியைக் கணக்கு போடுவதற்கு முன்பே கேட்க வேண்டும்.

திறமையான வடிவமைப்புப் பொறியாளர் ஆவது எப்படி?

மென்பொருள் கற்றால் போதும் என்று நினைக்கிறீர்களா? மென்பொருள் நீங்கள் கொடுத்த எண்ணுக்குத்தான் விடை சொல்லும். எண்ணே தப்பு என்றால் விடையும் தப்புதான். இவற்றைப் பழகுங்கள்:

1. கையால் தோராயக் கணக்கு போடுங்கள். திரையில் வரும் விடை நம்பும்படி இருக்கிறதா என்று அப்போதுதான் தெரியும்.

2. விதிநூலின் எண்ணோடு காரணத்தையும் படியுங்கள். ஐஎஸ் விதிநூல்களை பிஐஎஸ் இணையதளத்தில் பதிவு செய்து இலவசமாகப் பெறலாம்.

3. கட்டுமிடத்துக்குப் போங்கள். ஹட் பேக்கு சிமென்ட்டும் கம்பியும் கப்பலில்தான் வர வேண்டும். கிடைக்காத பொருளை வரைந்தால், கொத்தனார் கிடைப்பதைப் போட்டுவிடுவார். அது கடல் மணலாக இருந்தால் கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும்.

4. இடிந்தவற்றைப் படியுங்கள். ஐஐடி கான்பூரின் நிலநடுக்கப் பொறியியல் தகவல் மையம், பேராசிரியர் சி.வி.ஆர். மூர்த்தி எழுதிய 'எர்த்குவேக் டிப்ஸ்' குறிப்புகளை இலவசமாக வைத்திருக்கிறது. முதலாண்டு மாணவருக்கும் புரியும்.

5. உங்கள் கணக்கை இன்னொருவரிடம் கொடுத்துக் குறை கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்.

தீவிலேயே படிக்க விரும்புவோருக்கு ஸ்ரீ விஜயபுரத்தில் டாக்டர் பி.ஆர். அம்பேத்கர் தொழில்நுட்பக் கல்லூரியில் சிவில் படிப்பு இருக்கிறது.

வீடு கட்டப்போகிறவரா நீங்கள்? உங்கள் பொறியாளரிடம் மூன்றே கேள்விகள் கேளுங்கள்: எந்த நிலநடுக்க மண்டலத்துக்குக் கணக்கு போட்டீர்கள்? கவர் எத்தனை மி.மீ.? மணல் எங்கிருந்து வருகிறது? மூன்றுக்கும் தடுமாறாமல் பதில் வந்தால், அடுத்த வேலைக்குப் போகலாம்.